சத்தம் கேட்காத கேமரா

சாவு வீட்டுக்குப் போகும்போது அவன் ஸ்கூட்டரை இரண்டு வளைவுக்கு முன்பாகவே அணைத்துவிடுவான். அங்கிருந்து உருட்டிக்கொண்டுதான் போவான். மழையானாலும் அப்படித்தான், டயர் புதையும் கடற்கரை மணலானாலும் அப்படித்தான். "அழுகிற வீட்டுக்க முன்னால வண்டிச் சத்தம் கேக்கக்கூடாது அக்கா" என்பான். செருப்பைக் கழற்றி வேலியோரம் வைப்பான். கேமராப் பையின் ஜிப்பைக்கூட வெளியிலேயே திறந்துகொண்டுதான் உள்ளே நுழைவான்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை சந்திப்பில் நானும் அவனும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தோம். எனக்கு ஊர் பெருங்கடவிளை. அவன் பொழியூர்க் கடற்கரைக்காரன். நெய்யாற்றின்கரையில் படம் கழுவும் ஒரு கலர் லேபில் இரண்டு பேரும் வேலை பார்த்தபோது பழக்கம். நான் அவனைவிடச் சில வயது மூத்தவள், அதனால் அக்கா. கல்யாணங்களை நான் எடுத்தேன். பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் ஆண் போட்டோகிராபர் நிற்பதைவிட நான் நிற்பது வீட்டாருக்குச் சௌகரியமாக இருந்தது. சாவுகளை அவன் எடுத்தான்.

கடற்கரையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அடக்கத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பு பெட்டியைச் சுற்றி வீட்டார் எல்லோரும் நின்று ஒரு படம் எடுப்பார்கள். அதற்கு முன் முகத்தை மட்டும் ஒன்று. கல்யாண ஆல்பம் போலவே இதற்கும் ஆல்பம் போடுவோம். வேறு போட்டோகிராபர்கள் அரைமனதாகப் போய், பெட்டித் தலைமாட்டில் நின்று ஃபிளாஷ் அடித்துவிட்டு வந்துவிடுவார்கள். இவன் ஃபிளாஷ் போடவே மாட்டான். "செத்தவங்களால கண்ணுக் கூசுதுண்ணு சொல்ல முடியாதில்லியா?" என்று கேட்பான். முற்றத்தில் கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாயின் நிறம் முகத்தில் விழுந்துவிடாமல் இருக்க, யாரையும் தொந்தரவு செய்யாமல் மெல்ல ஒரு ஓரத்தை மட்டும் அவிழ்த்துவிடுவான். பிறகு குனிந்து, செத்தவரிடம் அனுமதி கேட்பான். "அம்மாச்சி, ஒண்ணு எடுக்கட்டா?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பான். நான் ஒருமுறை கூடப் போயிருந்தபோது இதைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. படக்காரன் என்பார்கள். அவன் இல்லாதபோது சாவுப் படக்காரன். ஏதாவது நல்ல காரியத்துக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே கேலி தொடங்கிவிடும். "எலே, நீ எதுக்கு வந்த? இஞ்ச எல்லாரும் சொகமாட்டு இருக்கினும்." அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் கேமராவை வெளியே எடுக்க மாட்டான்.

அவன் வீட்டிலும் அதே கதைதான். அப்பா இல்லை. அம்மாவும் தம்பியும்தான். தம்பி கடலுக்குப் போகிறவன். கேமராவோடு அண்ணன் பக்கத்தில் வந்தால் கையில் கிடைத்த வலையோ துண்டோ எடுத்து முகத்தை மூடிக்கொள்வான். "என்னைய எடுக்காண்டாம். நீ எடுத்தா ஆளு போயிரும்." அம்மா அதைக் கேட்டுத் தம்பியைத்தான் ஏசுவாள். ஆனால் அவளும் கேமராவுக்கு நேராக ஒருநாளும் நின்றதில்லை. ஊரில் உள்ளவர்களின் முகமெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. அவன் வீட்டார் முகம் ஒன்றுகூட இல்லை.

புதுக் கேமரா வேண்டும் என்று அவன் சொன்னதற்குக் காரணம் ஒரு அடி.

ஒரு வீட்டில் வெளிநாட்டிலிருந்து மகன் வருவதற்காகக் காத்திருந்தார்கள். மகன் வந்தார். நேராகப் போய் அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அதுவரை கூச்சல் போட்டு அழுதுகொண்டிருந்த பெண்கள் அவரைப் பார்த்துச் சட்டென்று அடங்கிவிட்டார்கள். அந்த அமைதியில் இவன் ஷட்டரை அழுத்திவிட்டான். எங்களிடம் இருந்தது பழைய கேமரா. அழுத்தும்போது உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி விழும் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். அந்த மனிதர் எழுந்து வந்து இவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். "படம் எடுக்கானாம், படம்!"

ஸ்டுடியோவுக்கு வந்து அதைச் சொன்னபோது அவன் கன்னம் இன்னும் சிவந்திருந்தது. எனக்குத்தான் கோபம் வந்தது. அவனுக்கு இல்லை.

"அவரு அடிச்சது சரிதான் அக்கா. எனக்கே அது பெட்டியில ஆணி அடிச்ச மாதிரித்தான் கேட்டுது."

இப்படித்தான் தொடங்கியது. ஸ்டுடியோவுக்கு ஒரே ஒரு நல்ல கேமராதான் வாங்க முடியும். இரண்டு பேருக்கும் அது ஒத்துவர வேண்டும். நாங்கள் இரண்டு டி.எஸ்.எல்.ஆர் கேமராக்களில் வந்து நின்றோம். இரண்டும் பெரிய சென்சார் உள்ளவை, வெவ்வேறு கம்பெனி. பெயரையும் எண்ணையும் சொல்லிச் சொல்லி அலுத்து நாங்களே பெயர் வைத்துவிட்டோம். கனமாக, பிடித்தால் கை நிறைய இருந்த ஒன்று தடியன். மற்றது ஊமையன்.

தடியன் என் கட்சி. ஓடும் மாப்பிள்ளையையும் விடாமல் ஃபோகஸ் பிடிக்கும், அடுத்தடுத்துப் படபடவென்று எடுக்கும், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒன்று கெட்டுப்போனாலும் மற்றதில் படம் இருக்கும். ஊமையனில் ஒரு கார்டுதான். வேகமும் குறைவு. ஆனால் அதில் சத்தத்தைக் குறைக்கிற ஒரு ஏற்பாடு இருந்தது. அதைப் போட்டால் கண்ணாடி மெதுவாக எழும்பி மெதுவாக இறங்கும்.

"தாலி கட்டு ஒருக்கத்தான் நடக்கும். கார்டு போச்சுண்ணா பெண்ணுக்க அப்பனுக்கு நான் என்ன சொல்ல?" என்று நான் கேட்டேன்.

"சாவு மட்டும் ரெண்டு மட்டம் நடக்குமா அக்கா?" என்றான்.

இணையத்தில் அந்த இரண்டு கேமராக்களையும் ஒப்பிட்டு எத்தனையோ வீடியோக்கள் இருந்தன. எல்லோரும் அவற்றைப் பார்ப்பார்கள். இவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். அவர்கள் நடுநடுவே ஷட்டரை அழுத்திக் காட்டும் இடம் வந்தால் திரும்பத் திரும்ப ஓடவிடுவான். திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைப் பையன் மலையாளத்தில் மெகாபிக்ஸல் கணக்கெல்லாம் அடுக்கினான். இவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோனே, ஆ டி.வி. ஒண்ணு நிர்த்தாமோ?" என்றான். டி.வி. நின்றதும் கேமராவைக் காதோடு வைத்து அழுத்தினான். பிறகு மற்றதை. ஃபேனையும் நிறுத்தச் சொல்வானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பையன் என்னைப் பார்த்து, "சேச்சி, சாருக்குப் பாட்டு ரெக்கார்டிங் வேலையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அப்படியும் முடிவாகவில்லை. இருட்டில் எப்படி எடுக்கும் என்று பார்க்க வேண்டும் என்றான். கடையின் வெள்ளை வெளிச்சத்தில் அது தெரியாது. தெரிந்த ஒருவரிடம் வாடகைக்கு இரண்டையும் ஒருநாள் வாங்கினோம். "எனக்க வீட்டு உள்ளறை போரும் அக்கா. பகல்லயும் அங்க விளக்கு வேணும்" என்று பொழியூருக்குக் கூட்டிப் போனான்.

அவன் வீட்டுக்கு நான் போனது அன்றைக்குத்தான் முதல்முறை. வாசலில் நின்றால் ஒரு வரிசைத் தென்னையும் ஒரு மண்பாதையும், அதற்கு அப்பால் கடல். உள்ளறையில் ஒரு நீளப் பெஞ்சு. மேலே மாதா படம், ஆணியில் ஜெபமாலை. அம்மா எனக்கு மரச்சீனியும் மீன்கறியும் வைத்தாள். இவன் ஜன்னலைச் சாத்தினான், கதவைக் கொஞ்சமாகத் திறந்துவைத்தான், பெஞ்சைக் கதவுக்கு நேராக இழுத்துப்போட்டான்.

"ஆராவது இதில ஒண்ணு படுக்கணும்" என்றான்.

"என்னைய நோக்காண்டாம். எனக்கு இன்னும் காலம் உண்டு" என்று அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் படுக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்தான். கடலிலிருந்து வந்து குளித்து, தலையில் ஈரம் காயாமல் இருந்தான். அண்ணனைவிட உயரம், ஆனால் முகம் அச்சு அசல் அண்ணன்தான். "மாறு, நான் படுக்கேன்" என்றான். பெஞ்சில் நீட்டி நிமிர்ந்து படுத்தான். கையை நெஞ்சில் கோத்தான். பிறகு எழுந்து ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு மறுபடி படுத்துக் கண்ணை மூடினான்.

"எப்பமும் ஓடுவேண்ணு சொல்லுவியே. இண்ணைக்கு நல்லா எடுத்துக்கோ."

"மிண்டாதே. செத்தவன் பேசுவானா?"

"செத்தவனுக்கு மூக்குச் சொறிஞ்சா என்ன செய்ய?"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். கையில் இருந்த அகப்பையோடு ஓடிவந்தாள். "எலே, எழும்பு! வெளையாட்டுக்கும் அப்படிக் கெடக்காண்டாம். எழும்புலே!" தம்பியின் காலில் இரண்டு அடி அடித்தாள். அவன் எழவில்லை. கண்ணை மூடியபடியே சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தான். அந்த நேரத்துக்குள் இவன் தடியனில் ஒரு படம், ஊமையனில் ஒரு படம் எடுத்துவிட்டான். அம்மா அவனைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் அதற்குள் தம்பி எழுந்து அம்மாவை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினோம். தடியன் எடுத்ததில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் நிழல் விழுந்த இடமெல்லாம் ஒரு பச்சை. ஊமையனில் அவ்வளவு கூர்மை இல்லை. தோல் மட்டும் தோலாக இருந்தது. அடக்கிவைத்த சிரிப்பில் உதட்டின் ஓரம் லேசாக இழுத்திருந்ததுகூடத் தெரிந்தது. நான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில ஒறங்குகிற மாதிரி இருக்கான். அதில செத்துப்போன மாதிரி" என்றேன். என் கட்சி அங்கே தோற்றது. ஊமையனையே வாங்கினோம்.

ஊமையனோடு முதல் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாளில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. படியேறும்போதே சொன்னான். "அக்கா, ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல. அந்தச் சேச்சி கெட்டினவனுக்க காலப் பிடிச்சிட்டு இருந்தா. நான் பக்கத்தில நிண்ணு எடுத்தேன். அவ அறியவே இல்ல." பரீட்சையில் ஜெயித்தவன்போல எனக்கும் வெளியிலிருந்து சாயா வாங்கிவந்து கொடுத்தான். கண்ணாடித் தம்ளரை மேஜையில் வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் பொழிமுகத்தில் தம்பியின் படகு கவிழ்ந்தது. ஆறு கடலில் சேரும் இடம் அது. அங்கே அலை எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். தம்பி வரவில்லை.

நான் போனபோது கரை முழுக்க ஆள். படகுகள் தேடிக்கொண்டிருந்தன. இவன் அலை வந்து தொடும் இடத்தில் முழங்கால்வரை நனைந்து நின்றான். அருகில் போனேன். "வரும் அக்கா. எப்படியும் கரைக்கு வரும். நான் அவனுக்க முகத்த ஒருக்கப் பாத்தாப் போரும்" என்றான். எத்தனை வீட்டில் எத்தனை பேரைத் தேற்றியவன். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் தண்ணீரில் நின்றேன்.

தேடிப் பார்த்தார்கள். வடக்கே, தெற்கே, தமிழ்நாட்டுக் கரையிலும் சொல்லிவைத்தார்கள். உடல் கிடைக்கவில்லை. இனித் தேடிப் பயனில்லை என்று படகுக்காரர்கள் கரையேறிய அன்று, பெண்கள் பிடித்துக்கொண்டிருந்த அம்மா எல்லோரையும் உதறிவிட்டு இவனிடம் வந்தாள். நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"நீ கெடத்தினல்லா? எனக்க பிள்ளையை நீ பெஞ்சில கெடத்திப் படம் எடுத்தேல்லா? நான் எழும்பச் சொன்னேனே! கேட்டானா? நீ சொன்னியா?"

அவன் கையைத் தடுக்கவில்லை. பின்னால் நகரவும் இல்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர், அப்படிச் சொல்லாதே என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அவர்களில் பாதிப்பேர் அதை நம்பினார்கள். எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது அவன் முகம்தான். அவனும் நம்பிவிட்டான்.

உடல் இல்லாமலே சர்ச்சில் பிரார்த்தனை நடந்தது. வைப்பதற்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். இருந்தது இரண்டே இரண்டு. அடையாள அட்டையில் மங்கிப்போன ஒன்று. நண்பனின் கைபேசியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற ஒன்று. கறுப்புக் கண்ணாடிப் படத்தையே பெரிதாக்கி வைத்தார்கள். பெஞ்சில் எடுத்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அவனிடம் பேசவே இல்லை. ஒரே வீடு. சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். "ஏசினாக்கூடப் போரும் அக்கா. அந்தக் கையால ரெண்டு அடி அடிச்சாலும் போரும். வீட்டில கடல் சத்தம் மட்டும்தான் கேக்குது" என்றான் ஒருநாள். சாவு வீடுகளுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டால் போகாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. போய்வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு அவற்றைப் பார்க்காமலே எழுந்துவிடுவான்.

தம்பியின் ஆண்டுப் பிரார்த்தனைக்கு முந்தின வாரம் அவன் ஸ்டுடியோவுக்கு வந்து, வழக்கம்போல வேலையைத் தொடங்காமல், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"அக்கா, சித்திக்கிட்ட அம்மை சொன்னாளாம். பிள்ளைக்க முகம் ஓர்மை உண்டு, கண்ணு மட்டும் ஓர்மைக்கு வரேல்லண்ணு. எப்பிடி நினைச்சாலும் அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் வருதாம்." கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். "அந்தப் பெஞ்சுப் படம் கெடக்கில்லியா?"

இருந்தது. நான் அழிக்கவில்லை.

"கண்ணத் திறந்து குடுக்க முடியுமா?"

படங்களில் மூடிய கண்ணைத் திறப்பது ஸ்டுடியோக்காரர்களுக்குப் புதிதில்லை. கல்யாண குரூப் படத்தில் யாராவது கண் சிமிட்டியிருந்தால் அவரது இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டுவோம். ஆனால் தம்பிக்கு இன்னொரு படம் இல்லை.

"எனக்க கண்ணை எடுங்க" என்றான். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிண்ணுதானே எல்லாரும் சொல்லுவினும்."

அவனை ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்காரவைத்தேன். கேமராவுக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. லென்ஸைப் பார்க்கத் தெரியவில்லை அவனுக்கு. பார்த்தால் கண் நிறைந்துவிடும். முகத்தைக் கழுவிவிட்டு வருவான். சிவப்பு அடங்கும்வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். மறுபடி எடுப்பேன். கண் சரியாக இருக்கும், முகத்துக்குப் பொருந்தாது. அந்தப் படத்தில் உதடு சிரிக்கப் போகிறது. கண் அழுதுகொண்டிருந்தால் எப்படி ஒட்டும்?

"நீ சிரிக்கணும் மக்கா" என்றேன்.

"தெரியும் அக்கா."

எனக்குத் தெரிந்த கல்யாண வீட்டு வேடிக்கைகள் எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளையின் வேட்டி அவிழ்ந்தது, விருந்தில் பாயசம் தீர்ந்து சண்டை வந்தது. அவன் எனக்காக உதட்டை மட்டும் இழுத்தான். கடைசியில் நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, "செத்தவனுக்கு மூக்குச் சொறிஞ்சா என்ன செய்யண்ணு கேட்டானே" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான். சிரித்துவிட்டான். தம்பி பெஞ்சில் கிடந்து சிரித்த அதே சிரிப்பு, தோளெல்லாம் குலுங்க. நான் கேமராவை எடுத்து அழுத்தினேன். அடுத்த நொடியே அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு ரோட்டில் போய் நின்றேன்.

படம் நன்றாகவே வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டு, ஜெபமாலை தெரியாமல் நெஞ்சுக்கு மேலே மட்டும் வைத்து, ஆளை நிமிர்த்தி, பின்னால் லேசாக ஒரு நீலம் கொடுத்தேன். பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு பையன். ஃபிரேம் போட்டுக் காகிதத்தில் சுற்றி ஒரு பகலில் இரண்டு பேரும் பொழியூருக்குப் போனோம். வீட்டுக்கு முன்னால் இருந்த தென்னை வரிசையும் மண்பாதையும் இப்போது இல்லை. கடல் எடுத்துவிட்டது. அலையைத் தடுக்கப் பெரிய பெரிய கல்லாகக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவன் உள்ளே வரவில்லை. "நீங்க குடுங்க அக்கா, நான் எடுத்தேண்ணு தெரியாண்டாம்" என்று அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

அம்மா வாசல்படியில் இருந்தாள். படத்தை வாங்கி மடியில் வைத்துக் காகிதத்தைப் பிரித்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"மோளே, இது எளையவனுக்க முகம்" என்றாள். "கண்ணு அவனுக்க இல்ல. மூத்தவனுக்கதாக்கும்."

நான் கீழே விழுந்த காகிதத்தை எடுத்து மடித்தேன்.

"எளையவனுக்கு இடத்தக் கண்ணு பாதி மூடினது மாதிரி இருக்கும். பெறந்தப்பமே அப்படித்தான். சிரிச்சா அந்தக் கண்ணே காணாது." ஒரு வருஷமாக நினைவுக்கு வராத கண்ணை அவள் விரலால் கண்ணாடிமேல் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். "இப்பம் ஓர்மை வருது. எனக்கு இப்பம் ஓர்மை வருது மோளே."

அழுது முடித்தபின் படத்தைக் கவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

"இது வேண்டாம். கொண்டு போ. இருக்கவனுக்க கண்ணை எடுத்துப் போனவனுக்கு வெக்கக்கூடாது. எனக்கு ஒருத்தனாவது வேணும்."

பிறகு எழுந்தாள். கல்லின் மேல் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எலே."

கடல் இரைச்சலில் அவனுக்குக் கேட்காது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டது. எழுந்து நின்றான், திரும்பவில்லை. அவள் இன்னொருமுறை கூப்பிட்டாள். வந்தான். வாசலுக்குக் கீழே நின்றான். அவள் படியில் நின்றதால் இருவர் முகமும் நேருக்கு நேராக இருந்தன. அவனுடைய கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நீ இனி ஆரையும் எடுக்காண்டாம். எனக்குப் பயமாக்கும் மக்கா."

அவன் அவளை மறுத்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். படம் எடுத்தால் யாரும் சாவதில்லை என்று நானாவது சொல்லியிருப்பேன். அவன் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி அம்மை" என்றான்.

"உள்ள வா. சோறு இருக்கு."

அதற்குப் பின் அவன் ஸ்டுடியோவுக்கு வரவில்லை. மீன்பிடித் துறைப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். ஊமையன் என்னிடமே இருந்தது. கடற்கரைச் சாவுகளுக்கு நான் போகத் தொடங்கினேன். யார் இறந்தாலும் எனக்கு முதலில் வரும் போன் அவனுடையதுதான். தணிந்த குரலில், அவசரமில்லாமல் சொல்வான்.

"அக்கா, தோப்பு வீட்டு அம்மாச்சி போயாச்சு. கதவு கெழக்கப் பாத்தாக்கும். காலத்த போனா வெளிச்சம் முகத்தில விழும். மூத்த மோன் துபாயிலேந்து வரணும், அவன் வந்த ஒடனே எடுக்காண்டாம், அழுது தீரட்டும். வண்டிய வளைவிலயே நிறுத்துங்க."

அவன் சொன்னபடிதான் எல்லாம் இருக்கும். அந்த வீடுகளில் அவனை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சில வருஷங்கள் இப்படியே போயின. கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னேன். கடல் எடுக்கப் போகிற வீட்டுக்கு யாரைக் கூட்டிவர என்று சிரித்தான்.

கடைசியாக அவன் கூப்பிட்டது ஒரு மழை ஓய்ந்த காலையில். நான் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இண்ணைக்கு ஒண்ணு உண்டு" என்றான். "கதவு மேக்கப் பாத்தாக்கும். முன்னால மறைக்க ஒண்ணும் இல்ல. உச்சை கழிஞ்சு வந்தாப் போரும், வெளிச்சம் உள்ளறைவரைக்கும் வரும். வெளிநாட்டிலேந்து வர ஆளில்ல, காத்திருக்காண்டாம். பெட்டிக்கப் பக்கத்தில நிக்கதுக்கும் ஒருத்தன்தான்."

நான் பேனாவை எடுத்துக்கொண்டு, "ஆருக்க வீடு மக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"நம்ம வீடாக்கும் அக்கா" என்றான்.